ஒரு மதிப்பீட்டாளர் ஏற்கலாம் என்றார், ஆய்விதழ் ஏன் மறுத்தது?

பதிவு 1 — கொழிஞ்சாம்பாறை ஆய்வாளர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற உழவர்களிடம் பாசனச் சொற்களைத் திரட்டி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஏரி, மடை, கொக்கரணி, தண்ணீர் முறை என்று எங்கள் பாட்டன்மார் புழங்கிய சொற்கள் வாய்க்கால் பாசனம் வந்த பிறகு எப்படி இடம் மாறின என்பதே என் கட்டுரையின் பொருள். தமிழ்நாடும் கேரளமும் செய்த பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்பது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். அந்தத் தண்ணீரைச் சுற்றிய பேச்சைப் பதிவு செய்ய மூன்று ஆண்டுகள் அலைந்தேன்.

கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி முதலில் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டுக்கே, அதாவது துறை அறிஞர்களின் பார்வைக்கே, அனுப்பாமல் ஒன்பதாவது நாள் திருப்பிவிட்டார்கள். அடுத்து வேறோர் இதழுக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து இரண்டு மதிப்பீட்டு அறிக்கைகளோடு கடிதம் வந்தது. முதல் மதிப்பீட்டாளர் பன்னிரண்டு வரிகளில் பாராட்டிவிட்டு, சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம் என்று முடித்திருக்கிறார். இரண்டாமவர் மூன்று பக்கம் எழுதி, இப்போதைய வடிவில் ஏற்க இயலாது என்கிறார். இதழாசிரியர் இரண்டாமவர் பக்கம் நின்று மறுத்துவிட்டார். ஆனால் கடிதத்தின் கடைசிப் பத்தியில், கருத்துகள் அனைத்துக்கும் பதில் கண்டு எழுதினால் புதிய கட்டுரையாக மீண்டும் அனுப்பலாம் என்றும் இருக்கிறது.

ஒருவர் ஆம், ஒருவர் இல்லை என்றால் மூன்றாவது ஒருவரைக் கேட்டிருக்க வேண்டாமா? இந்த முடிவுகளை யார், எதை வைத்து எடுக்கிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிவு 2 — குப்பம் பழைய ஆசிரியர்

அம்மா, வணக்கம். நான் பணி ஓய்வு பெற்றவன். மொழி, சமூகவியல் சார்ந்த ஓர் ஆய்விதழில் பதினோரு ஆண்டுகள் இதழாசிரியர் பொறுப்பு வகித்தேன். உங்கள் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள், எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். மதிப்பீட்டாளர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர், ஆலோசனை சொல்பவர். முடிவும் அதன் பொறுப்பும் இதழாசிரியருடையவை. பெரிய இதழ்களில் தலைமை ஆசிரியர் அந்தத் துறை அறிந்த ஓர் இணை ஆசிரியரிடம் கட்டுரையை ஒப்படைப்பார். அவர் பரிந்துரைப்பார், தலைமை ஆசிரியர் உறுதி செய்வார். இந்த அமைப்பில் எந்த இடத்திலும் வாக்கு எண்ணுவது கிடையாது. இரண்டு பேரும் ஏற்கலாம் என்று எழுதிய கட்டுரையை நான் மறுத்திருக்கிறேன். இரண்டு பேரும் கடுமையாக எழுதிய கட்டுரைக்குத் திருத்த வாய்ப்பும் கொடுத்திருக்கிறேன்.

கட்டுரை வந்ததும் நடப்பது இதுதான். அலுவலக உதவியாளர் சொல்லெண்ணிக்கை, படங்களின் தரம், ஒப்புதல் படிவங்கள் ஆகியவற்றைச் சரிபார்ப்பார். பிறகு பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமையைக் காட்டும் மென்பொருளில் கட்டுரை ஓடும். அது காட்டும் விழுக்காட்டை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. ஒப்புமை எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்போம். அதன் பிறகு கட்டுரை என் மேசைக்கு வரும். தலைப்பு, சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, அட்டவணைகள், முடிவுரை ஆகியவற்றை அந்த வரிசையில் படிப்பேன். இருபது நிமிடத்தில் ஒன்று தெளிவாகிவிடும்: எங்கள் இதழைக் கையில் எடுப்பவருக்கு இந்தக் கட்டுரை வேண்டுமா, வேண்டாமா. வேண்டாம் என்று தோன்றினால் அன்றே திருப்பிவிடுவேன். இதைத்தான் டெஸ்க் ரிஜெக்ட் என்கிறார்கள். உங்கள் ஒன்பது நாள் அதுவே. எழுதியவருக்கு அது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும் என்பதை அறிவேன். ஆனால் பொருந்தாத கட்டுரையை ஆறு மாதம் முடக்கி வைத்து, இரண்டு அறிஞர்களின் உழைப்பையும் வாங்கிக்கொண்டு மறுப்பது அதைவிடக் கொடுமை.

மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தால் ஆள் தேட வேண்டும். அங்கேதான் காலம் போகிறது. பெரும்பாலான இதழ்களில் மதிப்பீட்டாளருக்கு ஊதியம் இல்லை. நான் எட்டுப் பேருக்கு எழுதி இருவர் ஒப்புக்கொண்ட கட்டுரைகள் உண்டு. ஒப்புக்கொண்டவர் இரண்டு மாதம் மௌனமாக இருந்து, பிறகு உடல்நலமில்லை என்று விலகியதும் உண்டு. ஒரு முறை ஓர் இளம் ஆய்வாளரின் கட்டுரை இப்படியே ஏழு மாதம் என்னிடம் கிடந்தது. அவருக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அது என் தவறுதான். இன்றும் அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

இனி நீங்கள் பார்க்காத ஒன்று. மதிப்பீட்டாளர் நிரப்பும் படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் எழுதுவது கட்டுரையாளருக்கு வரும். மற்றது இதழாசிரியரின் கண்ணுக்கு மட்டும். உங்களிடம் பன்னிரண்டு வரி பாராட்டியவர் அந்த இரண்டாவது பெட்டியில், 'இந்தத் துறையில் எனக்குப் பழக்கம் குறைவு, தரவு பற்றி உறுதியாகச் சொல்ல இயலாது' என்று எழுதியிருக்கக்கூடும். எழுதினார் என்று நான் சொல்லவில்லை, அப்படி எழுதப்பட்ட பல பெட்டிகளை நான் படித்திருக்கிறேன் என்கிறேன். அந்தப் பெட்டி வெறுமையாக இருந்தாலும், காரணம் சொல்லாத பாராட்டுக்கும் காரணம் காட்டும் மறுப்புக்கும் நடுவில் நிற்கும் ஆசிரியர் காரணத்தின் பக்கமே சாய்வார். அறிக்கைகள் இரண்டும் ஒரே எடையில் முரண்பட்டால் மூன்றாவது ஆளைக் கேட்போம். உங்கள் வழக்கில் எடை சமமாக இருந்ததாக அவர் கருதவில்லை.

பதிவு 3 — மூணாறு டீச்சர்

ஐயா சொன்ன நடைமுறையை மறுக்கவில்லை. ஆனால் அது நேர்மையாக நடக்கும்போது எப்படி நடக்கும் என்பதையே அவர் சொல்லியிருக்கிறார். எல்லாக் கட்டுரையும் ஒரே கண்ணோடு படிக்கப்படுகிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நான் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் வாய்மொழி வரலாறு பற்றி எழுதுகிறவள். என் கட்டுரை ஒன்றுக்கு வந்த அறிக்கையில், 'கட்டுரையாளர் இந்தத் துறையில் வழிகாட்டுதல் கிடைக்கும் ஒரு நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றுவது நல்லது' என்று ஒரு வரி இருந்தது. கட்டுரையில் என்ன குறை என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. என் கல்லூரியின் முகவரியைப் பார்த்த கண்தான் அந்த வரியை எழுதியது என்று இன்றும் நம்புகிறேன்.

இது என் மனக்குறை மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். பீட்டர்ஸ், செசி என்ற இரு உளவியலாளர்கள் 1982-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெயர்பெற்ற உளவியல் ஆய்விதழ்களில் ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்து, எழுதியவர் பெயரையும் நிறுவனத்தையும் யாரும் கேள்விப்படாதவையாக மாற்றி, அச்சிட்ட அதே இதழ்களுக்கே அனுப்பினார்கள். மூன்று கட்டுரைகள் மட்டுமே பழையவை என்று கண்டுபிடிக்கப்பட்டன. மீதி ஒன்பதில் எட்டை மறுத்துவிட்டார்கள், பெரும்பாலும் ஆய்வு முறையில் கடும் குறை இருப்பதாகக் காரணம் காட்டி.

பழைய கதை என்று தள்ளுவதற்கும் இல்லை. 2022-இல் வெளியான இன்னொரு சோதனையில், நோபல் பரிசு பெற்ற வெர்னான் ஸ்மித்தும் பெயர் அறியப்படாத இளம் ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரையை ஐந்நூறுக்கும் மேற்பட்ட மதிப்பீட்டாளர்கள் படித்தார்கள். நோபல் அறிஞரின் பெயரை மட்டும் பார்த்தவர்களில் 23 விழுக்காட்டினர் மறுக்கச் சொன்னார்கள். பெயரே இல்லாமல் படித்தவர்களில் 48 விழுக்காட்டினர். இளையவரின் பெயரை மட்டும் பார்த்தவர்களில் 65 விழுக்காட்டினர். கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எனவே கொழிஞ்சாம்பாறைச் சகோதரி தன் கட்டுரையில்தான் குறை என்று உடனே தலைகுனிய வேண்டியதில்லை.

பதிவு 4 — நகரி வேளாண்மை

டீச்சர் குறிப்பிட்ட இரண்டு சோதனைகளும் உண்மை. அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பெயரை முழுக்க மறைத்தாலும் இந்த முறையில் தற்செயலுக்கு ஒரு பெரும் பங்கு இருக்கிறது.

கணினித் துறையில் நியூரிப்ஸ் என்று இன்று அழைக்கப்படும் மாநாட்டில் 2014-இல் ஒரு சோதனை செய்தார்கள். வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 166 கட்டுரைகளை, ஒன்றை ஒன்று அறியாத இரண்டு குழுக்களிடம் தனித்தனியே கொடுத்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு கட்டுரைக்கு ஒரு குழு ஏற்பும் மற்றது மறுப்பும் சொன்னது. கேட்கும்போது பெரிய வேறுபாடாகத் தோன்றாது. ஆனால் அங்கே ஏற்கப்படுபவையே குறைவு. ஒரு குழு ஏற்ற கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை மற்ற குழு மறுத்திருந்தது என்று பார்த்தால்தான் அதன் கனம் புரியும். மிக மோசமானதை இரு குழுவும் பெரும்பாலும் ஒரேபோல் அடையாளம் காண்கின்றன. மற்றவற்றில் பலவற்றுக்கு யார் கையில் விழுகிறது என்பதே விதி.

நான் ஆந்திரச் சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகளில் பூஞ்சை நோய்களை ஆராய்கிறவன். எங்கள் துறையில் மறுப்புக்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு. முடிவு பிழை என்பது ஒன்று. முடிவு சரிதான், ஆனால் எங்கள் வாசகருக்கு அவ்வளவு முக்கியம் அல்ல என்பது மற்றது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருந்துகிறவர்களே அதிகம். 2006-இல் தொடங்கிய பிளாஸ் ஒன் இதழ் இரண்டாவது காரணத்தையே எடுத்துவிட்டது. ஆய்வு முறையாகச் செய்யப்பட்டதா என்று மட்டும் பார்ப்போம், முக்கியமா இல்லையா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும் என்றது. ஈலைஃப் இதழ் 2023 முதல் இன்னும் ஓர் அடி போய், மதிப்பீட்டுக்கு எடுத்த கட்டுரைக்கு ஏற்பு, மறுப்பு என்ற முடிவையே கைவிட்டு, அறிக்கைகளோடு சேர்த்துக் கட்டுரையை வெளியிடுகிறது. சகோதரிக்கு வந்த ஒன்பது நாள் மறுப்பு எந்த வகை என்பதைக் கடிதத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா?

பதிவு 5 — கொழிஞ்சாம்பாறை ஆய்வாளர்

மூவருக்கும் நன்றி. நகரி அண்ணா கேட்டதற்காக அந்தக் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். 'எங்கள் இதழ் மொழியமைப்புக் கோட்பாட்டில் கவனம் செலுத்துகிறது' என்று ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்கள். அன்று அழுகையில் அந்த வரி கண்ணில் படவே இல்லை. இதழைத் தேர்ந்தெடுத்தது என் பிழை என்று இப்போது புரிகிறது.

இன்னும் இரண்டு கேட்க வேண்டும். இரண்டாவது இதழின் மறுப்பை எதிர்த்து முறையிடலாமா? அடுத்தது, சென்ற வாரம் வேறோர் இதழிலிருந்து தாமாகவே மின்னஞ்சல் அனுப்பி, கட்டுரையைக் கொடுத்தால் ஐந்து நாளில் மதிப்பிட்டு வெளியிடுவதாகச் சொல்கிறார்கள். கட்டணமும் கேட்கிறார்கள். ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய காலம் நெருங்குவதால் மனம் அந்தப் பக்கம் போகிறது.

பதிவு 6 — மூணாறு டீச்சர்

மோளே, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

என்னோடு பணிபுரிந்த ஒருவர் இதேபோன்ற மின்னஞ்சலை நம்பிக் கட்டுரையை அனுப்பினார். மூன்றாம் நாள் ஏற்புக் கடிதம் வந்தது. மதிப்பீட்டாளர் கருத்து என்ற பெயரில் இரண்டே சொற்கள் இருந்தன. பணம் கட்டினார், கட்டுரை இணையத்தில் வந்தது. பதவி உயர்வு நேர்காணலில் அந்த இதழைக் கணக்கில் எடுக்கவில்லை. திரும்பப் பெற்று வேறு இதழுக்கு அனுப்பலாம் என்றால், திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் கேட்டார்கள். ஏற்கெனவே வெளியான கட்டுரையை நல்ல இதழ் எதுவும் தொடாது. நான்கு ஆண்டுக் களப்பணி அப்படியே முடங்கிப் போயிற்று.

இப்படிப்பட்ட இதழ்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கின்றன என்பதற்கும் சோதனை உண்டு. ஜான் போஹானன் என்ற அறிவியல் செய்தியாளர் 2013-இல் வேண்டுமென்றே பெரும் பிழைகளை வைத்து ஒரு போலி மருந்து ஆய்வை எழுதி, கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98 மறுத்தன. கட்டணம் வாங்குகிற இதழெல்லாம் போலி என்று இதற்குப் பொருள் இல்லை, மறுத்த அந்த 98 இதழ்களையும் நாம் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் ஐந்து நாள் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கும் இடத்தில் மதிப்பீடு நடக்க வழியே இல்லை. எட்டுப் பேருக்கு எழுதி இரண்டு பேரைப் பிடிப்பதாக ஐயா சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கத்தக்க இதழ்களைக் குறிக்கும் தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. எந்த இதழ் நல்லது என்று பார்க்கும் பொறுப்பு இப்போது நிறுவனங்களின் மேலும் நம் மேலும் விழுந்திருக்கிறது. ஆய்வேடு ஒப்படைக்கும் முன் கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் குழுவின் 2022 விதிமுறைகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தன் அளவில் இன்னும் அதைக் கேட்கிறதா என்று முதலில் அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். ஒருவேளை இந்த அவசரமே தேவையில்லாததாக இருக்கலாம்.

பதிவு 7 — குப்பம் பழைய ஆசிரியர்

டீச்சர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மாற்ற மாட்டேன். முகவரியைப் பார்த்து எடைபோடும் வழக்கம் பற்றி அவர் எழுதியதும் உண்மை. எங்கள் இதழில் கட்டுரையாளர் பெயரை மதிப்பீட்டாளரிடமிருந்து மறைத்தோம், மதிப்பீட்டாளர் பெயரைக் கட்டுரையாளரிடமிருந்தும் மறைத்தோம். ஆனாலும் என் கண்ணுக்குப் பெயர் தெரியும். மதிப்பீட்டுக்கு அனுப்பாமலே திருப்பும் முடிவை எடுப்பவன் நான்தானே. அந்த முடிவைப் பெயர் தெரியாமல் எடுக்கும் ஏற்பாடு மிகச் சில இதழ்களில்தான் உண்டு. எல்லா இதழ்களும் அதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முறையீட்டுக்கு வருகிறேன். மதிப்பீட்டாளர் உங்கள் கட்டுரையில் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லியிருந்தால், அல்லது அவருக்கும் உங்களுக்கும் இடையே முரண்பட்ட நலன் (போட்டி, பகை போன்றவை) இருப்பதற்குச் சான்று இருந்தால் முறையிடலாம். 'முதலாமவர் ஏற்றாரே' என்பது முறையீட்டுக்குக் காரணம் ஆகாது. அதோடு, உங்கள் ஆசிரியர் கதவைச் சாத்தவில்லை. மீண்டும் அனுப்பலாம் என்று எழுதுவதைச் சிலர் மரியாதைச் சொல்லாக எண்ணுகிறார்கள். வேண்டாத கட்டுரைக்கு நாங்கள் அப்படி எழுதுவதில்லை, அந்தக் கட்டுரை மறுபடியும் எங்கள் மேசைக்கே வரும் அல்லவா? உங்கள் நிலையில் இருக்கும் பலருக்குக் கடிதத்தில் 'பெரும் திருத்தம்' என்று இருந்திருக்கும். சில இதழ்கள் திருத்தத்துக்கு அதிகக் காலம் பிடிக்கும் என்று தோன்றினால் மறுத்துவிட்டுப் புதிதாக அனுப்பச் சொல்கின்றன. பெயரில் கடுமை தெரிந்தாலும் நடைமுறையில் இரண்டும் அண்டை வீடுகள்தான்.

ஒரே நேரத்தில் வேறோர் இதழுக்கும் அனுப்பிவிடாதீர்கள். இரண்டில் ஒரே மதிப்பீட்டாளர் அமைந்தால் அன்றே தெரிந்துவிடும், தமிழ் மொழியியல் போன்ற சிறு துறையில் அது எளிதில் நடக்கும்.

அந்த மூன்று பக்க அறிக்கையின் முக்கியக் கருத்துகளை உங்கள் சொற்களில் இங்கே எழுதுங்கள். இரகசிய ஆவணம் ஆதலால் அதை அப்படியே ஒட்ட வேண்டாம்.

பதிவு 8 — கொழிஞ்சாம்பாறை ஆய்வாளர்

ஐயா சொன்னபடி சுருக்கித் தருகிறேன். முதல் முறை படித்தபோது ஒவ்வொரு வரியும் என்னைக் குத்துவதாகவே தோன்றியது. இன்று ஒரு தாளில் எண் போட்டு எழுதியபோது, மூன்று பக்கத்திலும் இருப்பவை நான்கே கருத்துகள் என்று தெரிகிறது.

முதலாவது, வரைபடத்தில் பதினொரு ஊர்கள் இருக்கின்றன, அட்டவணையில் ஒன்பதுதான் இருக்கின்றன என்கிறார். எண்ணிப் பார்த்தேன், உண்மை. ஒழலப்பதியும் வேலந்தாவளமும் அட்டவணையில் இல்லை.

இரண்டாவது, சித்தூர் என்று எழுதினால் எந்தச் சித்தூர் என்று கேட்கிறார். வரைபடத்தில் மாநில எல்லையை நான் குறிக்கவில்லை. தமிழர் பலருக்கும் சித்தூர் என்றால் நகரி அண்ணாவின் ஆந்திரச் சித்தூர்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பதை, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாவது, பேசியவர் பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் அறுபது வயதைக் கடந்த ஆண்கள். வயலுக்குத் தண்ணீர் திருப்புவதில் பெண்களுக்குப் பங்கில்லையா என்று கேட்கிறார்.

நான்காவதுதான் என்னால் விழுங்க முடியாதது. வாய்க்கால் வந்த பிறகு சொற்கள் மாறின என்கிறீர்கள், வாய்க்காலுக்கு முந்தைய பேச்சுக்கு உங்களிடம் என்ன சான்று என்று கேட்டுவிட்டு, இன்றைய முதியவர்களின் நினைவைத் தவிர வேறெதுவும் காட்டப்படவில்லை என்று முடித்திருக்கிறார்.

பதிவு 9 — குப்பம் பழைய ஆசிரியர்

அம்மா, இந்த அறிக்கையை எழுதியவர் உங்கள் கட்டுரையைக் குறைந்தது இரண்டு முறை படித்திருக்கிறார். வரைபடத்து ஊர்களை ஒவ்வொன்றாக எண்ணி அட்டவணையோடு ஒத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? அந்த ஒரு செய்கைக்காகவே நான் அவர் சொல்லுக்கு எடை கொடுத்திருப்பேன். உங்கள் ஆசிரியரும் அதையே செய்தார் என்று எண்ணுகிறேன்.

இங்கே பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வது பொருந்தும். 1936-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பலைகள் இல்லை என்று நிறுவுவதாக எண்ணி, ரோசன் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூ என்ற இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் ஜான் டேட் அதை ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டினார். அவர் பிழை இருப்பதாக நீண்ட அறிக்கை எழுதினார். அச்சிடுவதற்கு முன் பிறரிடம் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று கோபித்துக்கொண்டு ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். மறு ஆண்டு அது வேறோர் இதழில் முடிவு மாற்றப்பட்டு வெளியானது, மதிப்பீட்டாளர் சுட்டிய பிழை உண்மையாகவே இருந்தபடியால். அந்த மதிப்பீட்டாளர் ராபர்ட்சன் என்பது பிற்காலத்தில் தெரிய வந்தது.

உங்கள் முதல் மூன்று கருத்துகளும் உழைப்பால் சரியாகிவிடும். முடிவைத் தீர்மானித்தது நான்காவது. மாற்றம் என்று சொன்னால் இரண்டு காலம் வேண்டும், உங்களிடம் ஒரு காலம்தான் இருக்கிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய நில அளவைப் பதிவேடுகள், பாசனத் தகராறு மனுக்கள், பத்திரங்கள் போன்றவற்றில் அந்தச் சொற்கள் கிடைத்தால் முந்தைய காலத்துக்குச் சான்றாகும். கிடைக்காவிட்டால் கூற்றைச் சுருக்குங்கள். 'சொற்கள் மாறின' என்பதை விட்டுவிட்டு, 'மாறிவிட்டதாக முதியவர்கள் நினைவுகூர்கிறார்கள், ஊருக்கு ஊர் இன்று இந்த வேறுபாடுகள் இருக்கின்றன' என்று எழுதுங்கள். கூற்று சிறிதானால் கட்டுரை சிறிதாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். தாங்க முடியாத சுமையை இறக்கிவைத்த வண்டி நேராக ஓடும்.

மீண்டும் அனுப்பும்போது ஒவ்வொரு கருத்தையும் எழுதி, அதன் கீழே பதிலும், கட்டுரையில் எந்தப் பக்கம், எந்த வரியில் மாற்றினீர்கள் என்பதும் இருக்கட்டும். 'மதிப்பீட்டாளரின் கருத்துக்கு நன்றி, திருத்தப்பட்டது' என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் முழுக் கட்டுரையையும் மறுபடி தேட வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாக முதல் கருத்துக்கு இப்படி எழுதலாம்: 'வரைபடத்தில் பதினொன்றும் அட்டவணையில் ஒன்பதும் இருந்தது எங்கள் பிழை. விடுபட்ட இரண்டு ஊர்களின் தரவை அட்டவணை இரண்டில் சேர்த்துள்ளோம், அதனால் பக்கம் ஏழில் உள்ள மூன்று எண்ணிக்கைகள் மாறியுள்ளன.' உடன்படாத கருத்து இருந்தால் உடன்படவில்லை என்றே எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள். காரணம் காட்டி மறுத்த கட்டுரையாளர் மீது எனக்கு மதிப்பு கூடியதே தவிர ஒரு நாளும் குறைந்ததில்லை.

பதிவு 10 — மூணாறு டீச்சர்

இந்த இரண்டாம் அறிக்கையைப் பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். எனக்கு வந்த அந்த ஒற்றை வரியோடு இதை ஒப்பிட்டது சரியல்ல. இவர் முகவரியைப் படிக்கவில்லை, கட்டுரையைப் படித்திருக்கிறார். ஆனால் பொதுவான சார்பு பற்றி நான் எழுதியதில் மாற்றமில்லை.

பெண்கள் பற்றிய கேள்வி மிக நல்ல கேள்வி. எங்கள் தோட்டங்களிலும் ஆண்களிடம் கேட்டால் ஒரு சொல், கொழுந்து கிள்ளும் பெண்களிடம் கேட்டால் வேறு சொல் கிடைக்கும். பேட்டி எடுக்கும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறவர் எப்போதும் ஆணாகவே இருப்பார். அடுக்களைப் பக்கம் போய்க் கேளுங்கள்.

பதிவு 11 — நகரி வேளாண்மை

ஒரு சிறு சேர்க்கை. புதிதாக அனுப்பும்போது முகப்புக் கடிதத்தில் பழைய கட்டுரையின் எண்ணைக் குறிப்பிட்டு, இது அதன் மறுவடிவம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் கட்டுரை வேறோர் இணை ஆசிரியரிடம் போய், புதிய இரண்டு மதிப்பீட்டாளர்கள் அமைந்து, நான் முன்பு சொன்ன தற்செயலுக்கு மறுபடியும் ஆளாக நேரும். எண்ணைச் சொன்னால் பெரும்பாலும் பழைய மதிப்பீட்டாளரிடமே போகும். குறை கண்டவரே நிறைவடைந்தால் அதைவிட வலுவான பரிந்துரை வேறில்லை.

இதழின் இணையதளத்தில் 'வித் எடிட்டர்' (ஆசிரியரிடம் உள்ளது) என்ற நிலை வாரக்கணக்கில் மாறாமல் இருந்தால் கலங்க வேண்டாம், மதிப்பீட்டாளரைத் தேடுகிறார்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். மூன்று மாதம் கடந்தால் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம், அதில் தவறே இல்லை.

பதிவு 12 — கொழிஞ்சாம்பாறை ஆய்வாளர்

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. பல்கலைக்கழக அலுவலகத்தில் விதியை எழுத்தாகக் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஐந்து நாள் இதழுக்கு வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டேன்.

விடுபட்ட இரண்டு ஊர்களின் களக்குறிப்பேட்டை நேற்று இரவு பரணிலிருந்து தேடி எடுத்தேன். ஒழலப்பதியில் பேசிய மூவரும் பெண்கள். ஒலிப்பதிவில் காற்றின் இரைச்சல் மிகுந்திருந்ததால் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்து, அப்படியே மறந்திருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாயில் ஆடி மாதக் காற்றில் எடுத்த பதிவு அது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு விடியும்வரை கேட்டேன். அவர்களில் ஒரு பாட்டி, வாய்க்கால் தண்ணீரின் முறைக்கு ஒரு சொல்லும், ஏரித் தண்ணீரின் முறைக்கு வேறொரு சொல்லும் சொல்கிறார். ஆண்கள் பன்னிரண்டு பேரும் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்கள். அந்த ஏரிச் சொல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒழலப்பதிக்குப் பேருந்து ஏறுகிறேன், அவரிடமே மறுபடியும் கேட்பதற்காக.